ஆறு வீட்டுக்கு ஒரு மீட்டர்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. ஆனாலும் இந்தக் கடிதத்தை வளர்ந்து ஆளான உனக்கே எழுதுகிறேன், சொந்தப் பெயரில் கரண்ட் பில் வரும் வயதில் இருக்கும் உனக்கு. இந்தப் பள்ளிக்கூடக் கொப்பி யார் கையிலாவது அகப்பட்டால், மகனுக்கு அம்மா எழுதுவது போல ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் அம்மாவின் ஃபோன் வெளிச்சத்தை வைத்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும் ஒவ்வொரு தடவையும் அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். நாளை சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் எங்கள் லயத்துக் கூட்டம். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் பெயரைக் கோயில் வரியிலிருந்து எடுக்கப்போகிறார்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் பணம்தான் வரி. அதிலிருந்து பெயர் போய்விட்டால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆள் வராது, சாவுக்கும் ஆள் வராது. லயத்தையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவள்மேல் குற்றம். காட்டிக்கொடுத்தது அவள் இல்லை. நான்.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை, ராகலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. ஆறு காம்பரா, ஆறு குடும்பம், ஒரே ஒரு கரண்ட் மீட்டர். அந்த மீட்டர் அப்பாவின் பெயரில் இருக்கிறது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால், மீட்டர் கேட்கிறவர் தோட்டத்து ஒபீஸிலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். அப்பாவுக்கு ஃபெக்டரியில் பேர் பதிந்த வேலை. அதனால் கடிதம் கிடைத்தது. மற்ற வீடுகளில் இருப்பவர்கள் மரக்கறித் தோட்டங்களுக்கு நாள் சம்பளத்துக்குப் போகிறார்கள், கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். தோட்டத்துப் பேரேட்டில் பேர் இல்லாதவர்களுக்கு ஒபீஸில் "பிறகு பாப்பம்" என்ற பதில்தான் கிடைக்கும். செல்வி அக்காவும் அப்படித்தான். தோட்டத்தில் வேலை செய்து செத்துப்போன அவளுடைய அப்பாவின் காம்பராவில் அவள் இருக்கிறாள். புருஷன் கொழும்புக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்துப் பிழைக்கிறாள்.

ஆகவே எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வயர்கள் தகரத்துக்குக் கீழே ஓடுகின்றன. பில் வந்ததும் பங்கு போடுவோம். பல்புக்கு ஒரு பங்கு, டீவிக்கு இரண்டு பங்கு, செல்வி அக்காவின் தையல் மெஷின் மோட்டாருக்கு மூன்று பங்கு. எட்டாம் வகுப்பிலிருந்து அந்தக் கணக்கை எழுதுவது நான்தான். கடைசிக் காம்பரா முத்தையா மாமா மாதாமாதம் சண்டைக்கு வருவார்.

"நான் சத்தத்தக் கொறச்சுத்தான வைக்கிறேன், அப்புறம் எப்புடி ரெண்டு பங்கு?"

"மாமா, சத்தத்துக்கு இல்ல, படத்துக்குத்தான் கரண்டு" என்பார் அப்பா.

"அப்ப நான் கண்ண மூடிக்கிட்டுக் கேக்குறேன். ஒரு பங்கு போடு."

இப்படிச் சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மாதாமாதம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு நிலையான கட்டணம் உண்டு. ஆறு வீடு சேர்ந்து அதை ஒரே தடவை கட்டுகிறோமே, எவ்வளவு மிச்சம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கை விவாதப் போட்டிக்குப் படிக்கும்போதுதான் உடைந்தது. 'இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டும்' என்பது தலைப்பு. வேண்டும் என்று பேசும் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விழுந்தது. நான் எழுதிக்கொண்டுபோன முதல் பேச்சில் ஒளி, விடியல், எதிர்காலம் என்று நிறைய இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் விஞ்ஞான டீச்சர் அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். "பிள்ளை, இது கோயில் பிரசங்கம் இல்லை. காசு எங்கையிருந்து வருது, எங்கை போகுது, அதைச் சொல்லும்" என்றார். அதன் பிறகு நூலகத்தில் கிடைத்ததையும் ஃபோனில் கிடைத்ததையும் உட்கார்ந்து படித்தேன். எனக்கு விளங்கிய மட்டும் உனக்குச் சொல்கிறேன். அணுமின் நிலையத்தில் எரிபொருள் கொஞ்சம் போதும். கட்டி முடித்துவிட்டால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், டீசல் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் கரண்ட் வரும். செலவெல்லாம் முன்னாலேயே இருக்கிறது. கட்டுவதற்கு மலை மாதிரிக் கடன் வாங்க வேண்டும். கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனால், ஒரு யூனிட் கூட விற்காத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அரசாங்கம் பின்னால் நிற்காமல் யாரும் கட்ட முன்வருவது கஷ்டம். "நட்டம் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டால் அதுவும் மானியம்தான், பில்லில் மட்டும் தெரியாது. பிறகு ஒரு நாள் நிலையத்தை மூட வேண்டும், கழிவைக் காவல் காக்க வேண்டும். அதற்கும் யாரோ கட்ட வேண்டும்.

அந்த யாரோ நீதான். இதை வாசித்தபோதுதான் முதன்முதலாக உன்னை நினைத்தேன். இன்றைக்கு ஆரம்பித்தாலும், நிலையம் கட்டி முடிந்து கடனைக் கொடுத்து முடிக்கும்போது நான் கிழவியாகியிருப்பேன், பில் உன் பெயரில் வரும். ஆனாலும் உன்னைப் பற்றி நான் மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எங்கள் பக்கம் தோற்றுப்போகும்.

மானியத்தைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் எங்கள் வீட்டு பில்லையும் எடுத்துப் பார்த்தேன். குறைவாகப் பாவிக்கிற வீட்டுக்கு யூனிட் மலிவு. கூடக்கூட விலையும் ஏறும். ஏழைகளுக்கு உதவத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஏழை யார் என்று தெரியாது, மீட்டர் மட்டும்தான் தெரியும். எங்கள் ஆறு வீடும் ஒரே மீட்டரில் ஓடுவதால் அரசாங்கத்தின் கணக்கில் அது ஒரு பெரிய பங்களா. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் திறக்கிற பங்களாக்களுக்கு மற்ற மாதங்களில் மலிவு விலை. அதைப் பூட்டிவைத்திருப்பவர் ஏழையாகிவிடுகிறார். நாங்கள் நிலையான கட்டணத்தில் மிச்சம் பிடித்து, யூனிட் விலையில் அதைவிடக் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நிவாரணப் படிவம் நிரப்பும்போது கரண்ட் பில்லையும் கேட்டார்கள். அம்மா பெருமையாக எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்கு நிவாரணம் வரவில்லை. காரணம் அதுதானா என்று தெரியாது. ஆனால் அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். அவருடைய பெருமையை உடைக்க மனம் வரவில்லை. வீட்டில் சொல்லியிருக்க வேண்டியதை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தேன். அது என் முதல் தப்பு.

போட்டி நுவரெலியாவில் நடந்தது. அரசாங்கம் மானியம் கொடுத்து அணுமின் நிலையத்தைத் தாங்கும், ஏழைகளின் தலையில் பாரம் விழாது என்று நான் பேசி முடித்தேன். டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள்.

"மானியம், மானியம்னு தோழி நாலு தரம் சொல்லிட்டாங்க. அந்த மானியம் ஒரு தரமாவது தோழி வீட்டுக் கதவத் தட்டியிருக்கா? இல்ல, பஸ் தப்பிப்போச்சா?"

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கையில் வைத்திருந்த கடதாசியைக் கீழே வைத்தேன். வாய் தானாகப் பேசியது.

"தட்டல. ஏன்னா எங்க லயத்துல ஆறு வீட்டுக்கு ஒரு மீட்டர். மானியம் மீட்டரப் பாத்து வருது, ஆளப் பாத்து வரல. அரசாங்கத்தோட கணக்குல நாங்க ஆறு ஏழைக் குடும்பம் இல்ல, ஒரு பணக்கார வீடு. அதுக்காக மானியமே வேணாம்னு தோழி சொல்வாங்களா? கதவ மாத்தித் தட்டுற தபால்காரருக்கு விலாசம் எழுதிக் குடுக்கணும். தபாலையே நிறுத்தக் கூடாது!"

மகனே, அந்தக் கைதட்டலை நீ கேட்டிருக்க வேண்டும். நான் இன்னும் பேசினேன். பங்கு போடும் கணக்கைச் சொன்னேன், முத்தையா மாமாவின் டீவியைக்கூடச் சொன்னேன். சிறந்த பேச்சாளர் பரிசு எனக்குத்தான். மேடையில் விருந்தினராக இருந்த பெரியவர்களில் ஒருவர் கரண்ட் ஒபீஸ்காரர். பரிசைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கேட்டார், "மகள் எந்தத் தோட்டம்?" சொன்னேன். "எந்த டிவிஷன்?" சொன்னேன். லயத்து நம்பரைக் கேட்காமலே சொன்னேன். மைக் இன்னும் திறந்துதான் இருந்தது.

நான்காம் நாள் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். தகரத்துக்குக் கீழே பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, மழைக்கு இது தகரத்துல அடிக்கும். புள்ளைங்க செத்தா யாரு பொறுப்பு?" என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு வாரத்துக்குள் ஐந்து வயரையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் இணைப்பையும் வெட்டி அப்பாவுக்குத் தண்டமும் போடுவோம் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெரியவர்தான் அனுப்பினாரா, உதவி செய்ய நினைத்து அனுப்பினாரா, எனக்குத் தெரியாது.

காட்டிக்கொடுத்தது யார் என்று முடிவு கட்ட அப்பாவுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. போன மாதம் பங்கு போடும்போது செல்வி அக்கா, "மூணு பங்கு அநியாயம்ணே. இப்புடியே போனா நானே கரண்ட் ஒபீசுக்கு எழுதிப் போட்டுத் தனி மீட்டர் கேப்பேன்" என்று கோபத்தில் சொல்லியிருந்தாள். "எழுதிட்டா பாத்தியா" என்றார் அப்பா. மற்ற நான்கு வயரையும் விட்டுவிட்டு அவளுடையதை மட்டும் அன்றைக்கே பிடுங்கினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வி அக்கா வாசலில் நின்று, "நான் எழுதலண்ணே, சாமி சத்தியமா எழுதல" என்றாள். ஏணி ஆடியது. "ஒழுங்காப் புடி புள்ள" என்றார் அப்பா.

இன்றோடு எட்டு நாள். அவள் மோட்டாரைக் கழற்றிவிட்டு மெஷினைக் காலால் மிதிக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, தைத்துக் கொடுக்க வேண்டியது நிறையக் கிடக்கிறது. யாரும் அவளோடு பேசுவதில்லை. நான் மட்டும் காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்க அவளோடு போகிறேன். என்னை நல்ல பிள்ளை என்று நினைக்கிறாள். முந்தாநாள் கேட்டாள், "ஏன்டி, பேச்சுல பரிசு வாங்கினியாமே? எங்க, கண்ணுல காட்டவே இல்ல?" நான், "சும்மா சின்னதுக்கா" என்றேன். வாளியைக் கீழே வைக்காமல் வீடு வரைக்கும் வந்தேன். பிறகு கையைப் பார்த்தால் கம்பி பதிந்து சிவந்திருந்தது.

எனக்கு அப்பாவை நினைத்துப் பயம். லயத்து ஆட்களை நினைத்துப் பயம். பேசினால் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். பேசாவிட்டால் நாளைக்கு அவள் பெயர் போய்விடும். எழுதுகிறேன், அணைக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். நீ இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று உன்னைக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் இப்போது விளங்குகிறது. கைதட்டல் எனக்கு வந்தது, பில் அவளுக்குப் போனது. அவளை யாரும் கேட்கவில்லை. நாடு கடன் வாங்கலாம், மெல்ல மெல்ல அடைக்கலாம் என்று நான் பேசிய நேரத்தில் அடைக்கப்போகிற நீயும் அந்த மண்டபத்தில் இல்லை. அணுமின் நிலையம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒருவேளை உன் காலத்தில் அது வந்து, நீ நிம்மதியாக விளக்கைப் போட்டுப் படிக்கலாம். ஆனால் மலிவு என்று யாராவது உனக்குச் சொன்னால், யாருக்கு மலிவு என்று கேள். மிச்சத்தைக் கட்டுகிறவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார். நான் பார்க்கவில்லை.

ஃபோனில் சார்ஜ் முடியப்போகிறது.

*

மகனே, கூட்டம் முடிந்துவிட்டது. அதே கொப்பி, கூட்டத்துக்கு மறுநாள்.

ஆம்பளைகள் கோயில் படியில் இருந்தார்கள், பொம்பளைகள் ஓரமாக நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வந்திருந்தார். அப்பா எழும்பி, இத்தனை வருடம் பங்கு போட்டு ஒன்றாக இருந்தோம், ஒருத்தியால் ஆறு வீடும் இருட்டாகப்போகிறது என்று சொன்னார். செல்வி அக்கா தனியாக நின்றாள். "நான் எழுதல" என்று ஒரு தரம் சொன்னாள். வரிக் கொப்பியைத் தலைவர் விரித்தார்.

மேடையில் வந்த குரல் எனக்கு வரவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்ததால்தான் எனக்குச் சத்தம் வந்தது.

"அக்கா எழுதல. நான்தான் சொன்னேன்!"

"உள்ள போ புள்ள. பெரியவங்க பேசுற எடம்" என்றார் அப்பா.

"போட்டியில சொன்னேன்ப்பா. ஆறு வீட்டுக்கு ஒரு மீட்டர்னு மைக்ல சொன்னேன். கரண்ட் ஒபீஸ்காரரு இருந்தாரு. லயத்து நம்பரக்கூடச் சொன்னேன்."

முத்தையா மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்தப் பரிசு?"

"அதுக்குத்தான் மாமா."

"என் டீவியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

"சொன்னேன் மாமா. ரெண்டு பங்குன்னு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். நான் மானியக் கணக்கையும் சொன்னேன், மிச்சம் பிடிப்பதாக நினைத்து நாங்கள் கூடக் கட்டிய கதையை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இத மொதல்ல வீட்டுல சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் அடித்திருந்தால் அழுதிருப்பேன். அடிக்கவில்லை. செல்வி அக்காவிடம் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. "வயர மாட்டித் தாறேம்மா. இன்னும் அஞ்சு நாளு இருக்கு" என்றார்.

"வேணாம்ணே" என்றாள் அவள். "அஞ்சு நாளு வெளிச்சத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

தலைவர் வரிக் கொப்பியை மூடினார். காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே எல்லோரும் சேர்ந்து தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போவோம், பேர் பதியாத வீட்டுக்கும் மீட்டர்க் கடிதம் கேட்போம், கொடுக்காவிட்டால் அதற்கு மேலே இருப்பவரிடம் போவோம் என்றார். கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. விண்ணப்பம் எழுத என்னை உட்காரவைத்தார்கள், நான்தானே எழுதப் படிக்கிற பிள்ளை. கோயில் விளக்குக்குக் கீழே நான்கு வீட்டுக்கும் எழுதினேன். ஐந்தாவது கடதாசியில் செல்வி அக்காவின் பெயரை எழுதப் பேனையை வைத்தேன். அவள் வந்து குனிந்தாள்.

"மேடையில சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லடி. அது உண்மைதான. எட்டு நாளு எங்கூடத் தண்ணி தூக்கிட்டு வந்த பாரு..."

பேனையை என் கையிலிருந்து எடுத்தாள். "குடு. என் பேர நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லி, முழங்காலில் கடதாசியை வைத்து, மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். முடித்ததும் பேனையை என்னிடம் தரவில்லை. தலைவரிடம் கொடுத்தாள்.

இன்று காலை அவள் எனக்கு முன்னாலேயே பீலிக்குப் போய்விட்டு வந்துவிட்டாள்.

நீ பெரியவனாகி இதைப் படிக்கும்போது செல்வி அக்கா எங்காவது இருந்தால், அவளைத் தேடிப் போய் இந்தக் கதையைக் கேள். நான் பயத்தில் எழுதியிருக்கிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடங்கள் இதில் எங்கெங்கே வந்துவிட்டன என்று எனக்கே தெரியவில்லை. அவள் சொல்வது இந்தக் கடிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால், நீ அவள் சொல்வதையே நம்பு.

உன் அம்மா